வீட்டு வைஃபையும் கைபேசியும்: வாசகர் கேள்வி – பதில்

வடசென்னை வாசகர்களின் கடிதங்களில் வீட்டு வைஃபை தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றில் பலவற்றிலும் ஒரே போக்கு தென்படுகிறது: போனில் இணையம் வரவில்லை என்றதும், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே புதிய போனுக்கோ, புதிய ரவுட்டருக்கோ, ‘பூஸ்டர்’ என்ற பெயரில் கடையில் விற்கும் கருவிக்கோ பணம் கொடுத்துவிடுகிறார்கள். போனிலிருந்து ரவுட்டர் வரைக்கும் ஒரு வழி, ரவுட்டரிலிருந்து கேபிள்காரரின் வலையமைப்பு வரைக்கும் இன்னொரு வழி என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. தடை எந்த வழியில் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

எங்கள் வீட்டில் என் போனில் மட்டும் வைஃபை அடையாளத்தின் மேல் ஆச்சரியக்குறி வருகிறது. ‘இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை’ என்று காட்டுகிறது. அதே வைஃபையில் மகனின் போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. கடையில் காட்டியதற்கு, போர்டு போய்விட்டது, வேறு போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

தயவுசெய்து இப்போதைக்குப் போனை மாற்றாதீர்கள். போனுக்குள் இருக்கும் வைஃபை பகுதி பழுதாகியிருந்தால் வைஃபை பொத்தானே இயங்காது, அல்லது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளின் பட்டியல் வெறுமையாக இருக்கும். உங்கள் போன் ரவுட்டரோடு இணைந்துவிட்டது என்று அதுவே சொல்கிறது. எனவே, கடைக்காரர் சொன்ன காரணம் பொருந்தவில்லை.

அந்த ஆச்சரியக்குறி எப்படி வருகிறது என்று தெரிந்தால் மேற்கொண்டு தேடுவது எளிது. ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் சேர்ந்தவுடன், கூகுளின் சர்வர் ஒன்றுக்குச் சிறு கோரிக்கையை அனுப்பி, 204 என்ற எண்ணுடன் ஒரு வெற்றுப் பதில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் இணையம் இல்லை என்று முடிவுகட்டிவிடும். அதாவது, போன் ரவுட்டரைத் தொட்டுவிட்டது, அதற்கு அப்பால் போக முடியவில்லை. மகனின் போன் அப்பால் போகிறது என்பதால் ரவுட்டரும் கேபிள்காரரின் இணைப்பும் சரியாகவே இருக்கின்றன.

இப்போது வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் டேட்டாவில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால் (டேட்டா தீர்ந்துபோகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு) மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தேதியும் நேரமும். பேட்டரி முழுவதும் தீர்ந்து மறுபடி உயிர்பெற்ற போனில் தானியங்கி நேரம் அணைந்திருந்தால் ஆண்டே தவறாகக் காட்டக்கூடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குச் செல்லுபடியாகும் காலம் உண்டு என்பதால், தேதி தவறாக உள்ள போன் அவற்றை ஏற்காது. இரண்டாவது, ஆண்ட்ராய்டில் 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் இருக்கும் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வரைத் தேர்ந்தெடுப்பது) என்ற அமைப்பு. விளம்பரங்களைத் தடுப்பதற்கென்று வீடியோ பார்த்து யாராவது அதில் ஒரு முகவரியை எழுதிவைத்திருப்பார்கள். அந்த சர்வர் நின்றுபோன நாளில் எந்தத் தளத்தின் பெயருக்கும் விடை கிடைக்காமல் போன் முழுவதும் முடங்கிவிடும். அதைத் ‘தானியங்கி’க்கு மாற்றுங்கள். மூன்றாவது, எப்போதோ நிறுவிய விபிஎன் செயலி (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது). அதை அணைத்துப் பாருங்கள்.

டேட்டாவில் எல்லாம் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் வரவில்லையா? அப்படியானால் இந்த ஒரு நெட்வொர்க்குக்காகப் போன் நினைவில் வைத்திருக்கும் விவரங்களில்தான் பிழை இருக்க வேண்டும். நான் முதலில் சந்தேகிப்பது ‘நிலையான ஐபி’யை, அதாவது ரவுட்டர் கொடுப்பதை வாங்காமல் போனில் கைமுறையாக எழுதிவைத்த எண் முகவரியை. பழைய ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவந்து, புதிதாக மாட்டிய மோடம் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும்போது, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாறாமல் இருந்தால் போன் இணைந்துவிடும். கைமுறையாக எழுதிய பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பதால் வெளியே மட்டும் போக முடியாது. வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க்கைத் தொட்டு ‘மறந்துவிடு’ என்று கொடுத்தால் அந்த அமைப்பும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு புதிதாகச் சேரலாம். கடவுச்சொல் நினைவில் இல்லாவிட்டால், மகனுடைய போனில் அதே நெட்வொர்க்கின் பக்கத்தில் ‘பகிர்’ என்பதை அழுத்தினால் கியூஆர் குறியீடு ஒன்று தோன்றும், அதை உங்கள் போன் கேமராவால் படித்தால் போதும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தடுக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் உங்கள் போன் இடம்பெற்றிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி வழி, போனின் அமைப்புகளில் ‘நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை’ என்பது. அது சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள், மொபைல் டேட்டா அமைப்புகள் போன்ற நெட்வொர்க் விவரங்களை மட்டுமே அழிக்கும். படங்களையும் தொடர்பு எண்களையும் தொடாது. கடையில் சொல்லப்படும் ‘ஃபேக்டரி ரீசெட்’ முற்றிலும் வேறு. அது போனில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். ஒரு டிஎன்எஸ் அமைப்பைத் திருத்தாததற்காகப் பேரக்குழந்தையின் படங்கள் அனைத்தையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு. கீழ்த்தளத்தில் வாசல் அறையில் ரவுட்டர். மாடியின் பின் அறையில் போனில் ஒரு கோடுதான் காட்டுகிறது, வீடியோ அழைப்பு அறுந்து அறுந்து வருகிறது. ரிப்பீட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?
— வாசகர், ராயபுரம்

ராயபுரத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனமான செங்கற்சுவர்கள். மழைக்காலத்தில் ஈரம் இறங்கிய சுவர் அலைகளை இன்னும் அதிகமாக விழுங்கும். அதே வேளையில், மரத்துலாம் போட்ட மெட்ராஸ் டெர்ரஸ் கூரையில், கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் இருக்கும் இரும்பு வலை கிடையாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆகையால் பக்கவாட்டில் பல சுவர்களைத் துளைத்துப் போகச் சொல்வதைவிட, மேல்நோக்கி ஒரே தளத்தைக் கடந்து போகச் சொல்வது இந்த வீட்டில் பலன் தரும். வாசல் அறையிலிருந்து ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, முடிந்தால் மாடிப்படி திறந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். ஃபைபர் கம்பியை நீளமாக இழுத்துத் தரும்படி கேபிள்காரரிடம் கேட்பதில் தவறில்லை. ரவுட்டரை ஸ்டீல் பீரோவின் மேலோ, டிவிக்குப் பின்னாலோ வைத்தால் அந்தத் திசையே இருண்டுவிடும்.

பலன் கிடைத்ததா என்பதை, போனில் தெரியும் கோடுகளை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கோடு போடுகிறது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால் அலையின் வலிமை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியுடன் தெரியும். செயலி வேலை செய்ய, போனில் இருப்பிடச் சேவை இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். −50 என்றால் மிக நன்று, −67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக நடக்கும், −70-ஐத் தாண்டினால் தடுமாறும், −80-இல் பெயருக்குத்தான் இணைப்பு. பின் அறையில் நின்று, ரவுட்டரை இடம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடந்து தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். உங்கள் பின் அறைக்கு முதலாவதே பொருத்தம். பல ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் போன் எதில் இருக்கிறது என்பதே தெரியாது. பெயர்களைத் தற்காலிகமாகப் பிரித்து வைத்துச் சோதியுங்கள்.

ரிப்பீட்டரைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. சாதாரண ரிப்பீட்டர், கேட்பதையும் சொல்வதையும் ஒரே அலையில் மாறி மாறிச் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதைவிட, அலை வராத அந்தப் பின் அறையிலேயே அதை மாட்டுவதுதான் பெரும் பிழை. தனக்கே சரியாகக் கேட்காததை அது எப்படி மறு ஒலிபரப்புச் செய்யும்? இரண்டு இடங்களுக்கும் நடுவில், −60-க்கு அருகில் காட்டும் இடத்தில் வைத்தால்தான் பயன். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 லேன் கம்பி இழுத்து, மேலே ஒரு சிறு ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் (கம்பியில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும்) வைப்பது. அந்தக் கம்பி 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாமல் கொண்டுபோகும். ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோனால் சுவரை உடைக்கவும் வேண்டாம்.

வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். பகலில் நன்றாக இருக்கும் வைஃபை, இரவு எட்டு மணிக்கு மேல் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போனில் நகர மறுக்கிறது.
— வாசகர், வியாசர்பாடி

ஒட்டி ஒட்டி வீடுகள் அமைந்த குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் அடுத்த வீட்டுக்குள்ளும் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் (அலைப் பாதைகள்) உண்டு என்றாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி இருக்கின்றன. ஒரு ரவுட்டருக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும் ஒழுங்குடன் வேலை செய்யும். ஆனால் 3 அல்லது 8 என்று நடுவில் அமர்ந்த ரவுட்டர், இரு பக்கத்துப் பேச்சும் வெறும் இரைச்சலாகக் கேட்பதால், தானும் தடுமாறி அக்கம்பக்கத்தையும் தடுமாற வைக்கும். வேகம் கூடும் என்று நம்பி அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸாக வைத்திருப்பவர்கள் குடியிருப்பின் அலைவெளியில் பெரும்பகுதியைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். செயலியில் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20-க்குக் குறைத்துவிடுங்கள். இதை ஒரு வீடு மட்டும் செய்வதைவிட ஒரு மாடியில் உள்ளவர்கள் பேசிக்கொண்டு செய்தால் எல்லோருக்கும் நல்லது. சங்கக் கூட்டத்தில் தண்ணீர், லிஃப்ட் பிரச்சினைகளோடு இதையும் ஐந்து நிமிடம் பேசலாம்.

இன்னும் சிறந்த தீர்வு, போன் ஏற்குமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுவது. 2018-இல் மத்திய அரசு இந்த அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பகுதியை விரிவுபடுத்தியதால் அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. அது சுவரில் சோர்ந்துவிடும் என்று மேலே குறையாகச் சொன்னது, உங்கள் சிறிய வீட்டில் நன்மையாக மாறுகிறது: பக்கத்து வீட்டு அலையும் உங்களிடம் வலுவாக வராது. 36 முதல் 48 வரையிலான சேனல்களில் தொடங்குங்கள். 52 முதல் 144 வரையிலானவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் அலை கேட்டால் சேனல் மாறும்படி அமைந்த ரவுட்டர் திடீரென்று விலகிப்போகும், போனும் அப்போது அறுந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டருக்கு அருகில் இருந்தும் இரவில் மட்டும் நகரவில்லை என்றால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. லேப்டாப்பை லேன் கம்பியால் நேராக இணைத்து, பகலிலும் இரவிலும் வேகத்தை அளந்து, அந்தத் திரைப்பிடிப்புகளோடு (ஸ்கிரீன்ஷாட்) கேபிள்காரரிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் தீராவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போக அந்த எண் தேவைப்படும்.

அப்பாவின் பழைய போன், புது ரவுட்டர் மாட்டியது முதல் கடவுச்சொல் சரியாக இருந்தும் சேர மறுக்கிறது. என் புதிய போன் உடனே சேர்ந்துவிட்டது.
— வாசகி, பெரம்பூர்

புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் அறிமுகமான அந்த முறை பழைய போன்களுக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் தடுமாறினால் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் போதும். பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால் அந்தப் போன் 5 கிகாஹெர்ட்ஸ் அறியாதது, 2.4-ஐ இயக்கிவையுங்கள். அப்பாவுக்காகக் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடுவது மட்டும் வேண்டாம்.

எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில் வைஃபை போய்விடுகிறது, சில நிமிடங்களில் தானாக வருகிறது. மின்தடைக்குப் பிறகு இது அதிகம். ரவுட்டரின் பின்னால் ஊசியால் அழுத்தும் துளை இருக்கிறதே, அதை அழுத்தலாமா?
— வாசகர், காசிமேடு

அந்தத் துளையைத் தொடாதீர்கள். பல இணைப்புகளில் கேபிள்காரர் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்துக்குள்தான் எழுதப்பட்டிருக்கும். துளையை அழுத்தினால் அவையும் அழிந்து, ஆள் வந்து மறுபடி எழுதும் வரை வீடு முழுவதும் இணையம் இராது. மின் பொத்தானை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுவது வேறு. அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

அடுத்த முறை அறுந்தவுடன் போனைப் பார்க்காமல் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் அணைந்து மறுபடி வரிசையாக எரிந்தால் அது மின்சாரக் கோளாறு, பெரும்பாலும் அடாப்டர். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்த அடாப்டர், சுமை கூடும்போது மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்காது. உப்புக் காற்று வீசும் காசிமேட்டில் அடாப்டரின் முனையையும் லேன் கம்பியின் செருகியையும் கழற்றிப் பச்சைப் பூஞ்சை போல் ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய அடாப்டர் வாங்கும்போது பழையதில் அச்சிட்ட அதே வோல்ட், அதே அளவு அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியர், அதே முனை என்று பார்த்து வாங்குங்கள்.

மற்றவை எரிந்துகொண்டிருக்க, ‘லாஸ்’ என்ற விளக்கு மட்டும் சிவப்பாக மாறினால், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி எங்காவது கூர்மையாக மடிந்திருக்கலாம். மொட்டைமாடியில் துணி உலர்த்தும் கொடியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அல்லது கதவிடுக்கில் நசுங்கியிருக்கும். முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். ஊழியர் வரும்போது பவர் மீட்டரால் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். −27 டிபிஎம்முக்கும் கீழே போனால் இணைப்பு நிலைக்காது.

மின்தடைக்காக மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்குவது நல்லதுதான். ஆனால் உங்களுக்கு வருவது ஃபைபரா, அல்லது பக்கத்துக் கட்டடத்து மாடியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து இழுத்த லேன் கம்பியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால், அந்தக் கட்டடத்தில் மின்சாரம் போகும்போது உங்கள் யுபிஎஸ் உதவாது.

கல்லூரி மாணவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டிருக்கிறேன். கூடுதலாக ஒரு ரவுட்டர் வாங்கி முதல் ரவுட்டரோடு கம்பியால் இணைத்தேன். அன்று முதல் சில போன்கள் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்பதோடு நின்றுவிடுகின்றன. சிலவற்றில் இணைந்தும் இணையம் இல்லை.
— வாசகர், கொருக்குப்பேட்டை

ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு போனுக்கும் நியாயவிலைக் கடையில் டோக்கன் தருவதுபோல் ஓர் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிறது. அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். நீங்கள் இணைத்த விதத்தில் இப்போது இரண்டு ரவுட்டர்களும் டோக்கன் கொடுக்கின்றன. இரண்டாவதிடமிருந்து வாங்கிய போன், வெளியே போக அதையே வழி கேட்கிறது. அதற்கோ வெளி இணைப்பு கிடையாது. இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பதுபோல் முதலாவதோடு மோதாத ஒன்றாக மாற்றி, கம்பியை அதன் ‘வேன்’ (வெளி இணைப்புக்கான) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்வு அதில் இருந்தால் இவற்றையெல்லாம் அதுவே செய்துகொள்ளும்.

முகவரி கிடைக்காமல் நிற்கும் போன்களுக்குக் காரணம் டோக்கன்கள் தீர்ந்துபோனதாக இருக்கலாம். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில், போனவர்களின் போன்களுக்குக் கொடுத்த முகவரிகள் காலம் முடியும் வரை ஒதுக்கப்பட்டே இருக்கும். அந்தக் காலம் பொதுவாக 24 மணி நேரம். அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, முகவரி வரம்பை 192.168.1.10 முதல் 250 வரை விரித்துவிடுங்கள். சில மோடங்களில் ஒரே நேரத்தில் இணையக்கூடிய கருவிகளுக்கே 32 என்ற வரம்பு இருக்கும். உங்கள் மாணவர்களின் போன்களையும் லேப்டாப்களையும் கூட்டினால் அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால், இரண்டாவது ரவுட்டரின் வைஃபைக்கு வேறு பெயர் வைத்து, அறைகளைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுங்கள்.

போனின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் வைஃபை பகுதிக்கும் உரிய அடையாள எண்) குறித்து வைத்து அனுமதி தரும் முறையை நீங்கள் பின்பற்றினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. போன் பெட்டியில் அச்சிட்ட எண்ணை ரவுட்டரில் எழுதினால் அது பொருந்தாது. வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கின் பக்கத்தில் தெரியும் எண்ணையே எழுத வேண்டும், அல்லது மாணவரிடம் சொல்லி அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் ‘சாதனத்தின் மேக்’ என்று மாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும்.